சங்கிலி வாளைத் தீட்டும் அரங்களும் துணைக்கருவிகளும்

கண்டிப் பகுதியில் வயல்கள் பெரும்பாலும் மேட்டுத் தோட்டங்களின் அடியிலே பள்ளத்தாக்கு நிலங்களாக அமைந்துள்ளன. மேலே பலாவும் கமுகும் கித்துளும் மிளகுக்கொடி தாங்கும் முள்முருக்கும் நெருங்கி நிற்கும். கீழே நெல் நிற்கும். மரநிழல் வீழுமிடத்தில் நெற்பயிர் மெலிந்து நீண்டு சாய்வதையும், போஞ்சிப் பந்தலிற் காய் குறைவதையும் கமக்காரர் நன்கறிவர். ஆதலாற் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்துமுன் வயலோரக் கிளைகளைக் கழிப்பதும், காற்றில் வீழ்ந்த மரங்களைத் துண்டாடுவதும் ஆண்டுதோறும் செய்யும் வேலைகளாகும். முன்னர் கைவாளும் கோடரியும் கொண்டு செய்த இவ்வேலையை இன்று பல தோட்டங்களிற் பெற்றோலில் ஓடும் சங்கிலி வாள் செய்கின்றது. வாளை வாங்குவோர் அதனைத் தீட்டுங் கருவிகளைப் பற்றிச் சிந்திப்பது குறைவு. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஏதாவதோர் அரத்தை வாங்கிச் சென்று, இரண்டு மூன்று முறை தீட்டியதும் சங்கிலி கெட்டுவிட்டதென எறிந்துவிடுவோர் உளர்.

கூர் மழுங்கியதை அறிவது எளிது. கூரான சங்கிலி மரத்தைச் சிறு சீவல்களாக வெளியே தள்ளும். மழுங்கிய சங்கிலி மாப்போன்ற தூளையே கொட்டும். வாளைக் கையால் அழுத்தினாலன்றி அது மரத்தில் இறங்காது. சிலவேளை வெட்டுமிடத்திலிருந்து புகையும் எழும். அழுத்திப் பிடிக்கும்போது கை சோர்கின்றது. சோர்ந்த கையில் வாள் வழுக்கும். சரிவான நிலத்தில் நின்று வேலை செய்வோருக்கு இஃது உயிராபத்தாகலாம். தென்னை, கித்துள் ஆகியவற்றின் கடினமான வெளிப்பகுதி கூரை விரைவில் மழுக்கும். அதனினும் கேடு செய்வது மண். மழைக்காலத்திற் சரிவிலே இழுத்து வரப்பட்ட மரத்தின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். அப்பட்டையைக் கத்தியாற் சீவிய பின்னர் வெட்டினால் அரத்துக்குச் செலவிடும் பணத்திற் பாதி மிஞ்சும்.

இச்சங்கிலிக்கு உருண்டை அரம் வேண்டப்படுவதன் காரணத்தையும் அறிந்திருத்தல் நன்று. தொடக்ககாலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போல நேராக நின்று மரத்தைச் சுரண்டின. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் யோசப் கொக்ஸ் என்னும் மரத்தொழிலாளர், வண்டின் புழுவொன்று கட்டையை இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கூர்ந்து நோக்கினார். அப்புழுவின் தாடையைப் பின்பற்றி, இடத்துக்கொன்றும் வலத்துக்கொன்றுமாக வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியை அவர் ஆக்கினார். வளைந்த பல்லின் உட்புறத்தை உருண்டை அரமே சரியாகத் தீட்டவல்லது. தென்னை வண்டின் புழுவைக் கண்டதும் நசுக்கும் நமக்கு இக்கதை சற்று வியப்பளிக்கக்கூடும்.

அரத்தின் பருமன்

எல்லாவற்றுக்கும் முதலாகக் கவனிக்க வேண்டியது அரத்தின் பருமனாகும். அது சங்கிலியின் அளவைப் பொறுத்தது. வாளின் விலையையோ நிறத்தையோ பொறுத்ததன்று. சங்கிலியில் அடுத்தடுத்துள்ள மூன்று தறையாணிகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, அதனை இரண்டாற் பிரித்தால் வருவதே சங்கிலியின் அளவு. மூன்று ஆணிகளுக்கிடையில் ஏறக்குறைய 16.5 மில்லிமீற்றர் இருப்பின் அது 0.325 அங்குலச் சங்கிலி, அதற்கு 4.8 மில்லிமீற்றர் அரம் வேண்டும். ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் இருப்பின் அது எட்டில் மூன்று அங்குலச் சங்கிலி. இதில் இருவகையுண்டு. தோட்டவேலைக்குரிய சிறிய வாள்களில் வரும் தாழ்ந்த பல்லுடைய வகைக்கு 4 மில்லிமீற்றர் அரமும், பெரிய வாள்களில் வரும் உயர்ந்த பல்லுடைய வகைக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர் அரமும் பொருந்தும். இவற்றுள் எதுவென்பதை வாளுடன் வந்த கைந்நூலிலோ சங்கிலிப் பெட்டியிலோ பார்த்துக்கொள்க. கடைக்குச் செல்லும்போது பழைய சங்கிலியைக் கையிற் கொண்டு செல்வதே எல்லாவற்றினும் நலம்.

மெல்லிய அரம் பல்லின் அடியிற் குழி பறித்து, முனையைக் கொக்கிபோலாக்கிவிடும். அக்கூர் முதலில் நன்றாக வெட்டுவதுபோலத் தோன்றினாலும் விரைவில் ஒடியும். பருத்த அரமோ முனையைப் பின்னோக்கிச் சாய்த்துவிடும். பல் மரத்தைக் கடிக்காது வழுக்கும். சரியான அரத்தைப் பல்லில் வைத்தால் அதன் பருமனில் ஐந்திலொரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்.

கடைகளிற் பொதுவாகக் கிடைக்கும் உருண்டை அரங்கள் எலிவால்போல நுனியிற் சிறுத்திருக்கும். அவை இவ்வேலைக்கு உதவா. சங்கிலி வாளுக்குரிய அரம் அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாயிருக்கும். ஒன்று வாங்குவதிலும் இரண்டு மூன்று சேர்த்து வாங்குதல் நன்று. ஏனெனில் அரமும் தேயும். வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கும்போது வரிகள் மினுங்கினால் அது தேய்ந்த அரம். அதனைக் கொண்டு பல்லைத் தேய்ப்பது நேரத்தை வீணாக்குவதேயாகும்.

கைப்பிடியில்லாத அரத்தை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. அரம் பல்லில் மாட்டி நின்றால் அதன் கூரான வால் உள்ளங்கையைக் குத்திக் கிழிக்கும். கைப்பிடி விலைக்குக் கிடைக்காவிடிற் காய்ந்த கொய்யாக் கொம்பிலே செய்துகொள்ளலாம்.

அரத்தாங்கியும் ஆழங்காட்டியின் அளவுத்தகடும்

கைப்பழக்கம் இல்லாதோர் அரத்தாங்கியொன்றைத் தவறாது வாங்குதல் வேண்டும். இது அரத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு தகடு. பல்லின்மேல் அமர்ந்து அரம் ஆழமாக இறங்காது காக்கும். அதன்மேற் சாய்கோடுகள் கீறப்பட்டிருக்கும். பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைக் கோடு சங்கிலிக்கு ஒருபோகாக இருக்குமாறு பிடித்தாற் போதும். பழகிய கைகள் தாங்கியின்றியும் சரியாகத் தீட்டும் என்பர். ஆயினும் பழகிய கைகளும் மாலையில் தளர்வதுண்டு. இச்சிறு செலவைத் தவிர்ப்பதில் இலாபமில்லை.

ஒவ்வொரு வெட்டுப்பல்லின் முன்னும் சிறு மேடொன்று உண்டு. அதுவே ஆழங்காட்டி. பல் ஒவ்வொரு முறையும் எவ்வளவு மரத்தைச் சீவவேண்டுமென அது வரையறுக்கும். பல் தீட்டப்படுந்தோறும் அதன் உயரம் குறைவதால், மூன்று நான்கு முறை தீட்டிய பின்னர் இம்மேட்டையும் தாழ்த்தவேண்டும். இதற்குத் தட்டை அரமொன்றும் அளவுத்தகடொன்றும் தேவை. தோட்ட வாள்களிற் பெரும்பாலும் மேடு பல்லினும் 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும். உமது சங்கிலிக்குரிய அளவைக் கைந்நூலிற் காண்க. தகட்டைச் சங்கிலியின்மேல் வைத்து, அதன் துளைக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் தேய்த்து, பின்னர் மேட்டின் முன்விளிம்பை முன்போல உருட்டிவிடுக. வேகமாக வெட்டுமென எண்ணிச் சிலர் கண்மதிப்பில் இதனை மிகத் தாழ்த்துவர். அவ்வாறு செய்த சங்கிலி மரத்தை அளவுக்கு மேற் கடித்து அதிரும். அலகின் நுனி மரத்திற் பட்டால் வாள் வெட்டுபவரின் முகத்தை நோக்கித் துள்ளும். கண்ணளவை நம்பாது தகட்டை நம்புதல் வேண்டும்.

ஏனையவை சிறிய பொருள்கள். அலகை அசையாது பிடிக்க ஒரு பற்றுக்கருவி, தடித்த கையுறை, அழுக்குப் போக்கக் கம்பித் தூரிகை, தொடங்கிய பல்லைக் குறிக்கச் சுண்ணக்கட்டி ஆகியன போதும்.

தீட்டும்போது இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, சங்கிலித் தடையை இடுக. சங்கிலி தொய்ந்திருந்தால் இறுக்கிக்கொள்க. அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகவே தள்ளவேண்டும். திரும்பி வரும்போது பல்லில் தொடாது தூக்கிவிடுக. முன்னும் பின்னும் தேய்ப்பது அரத்தின் ஆயுளைக் குறைக்கும். ஒருபக்கப் பற்களை முடித்த பின்னர் மறுபக்கத்துக்கு மாறுக. எல்லாப் பற்களும் ஒரே நீளமாயிருத்தல் அவசியம். ஆகையால் மிகக் குறுகிய பல்லை அளவாகக் கொண்டு மற்றவற்றை அதற்கொப்பத் தேய்க்கவேண்டும். ஒருபக்கப் பற்கள் நீண்டிருந்தால் வாள் நேராக வெட்டாது ஒருபுறம் சாய்ந்து செல்லும். பல்லின் மேற்றட்டு 4 மில்லிமீற்றரளவுக்குக் குறுகியதும் சங்கிலியை மாற்றிவிடுக.

மின்னாற் சுழலும் சாணைக்கல் நேரத்தை மிச்சப்படுத்துமென்பது உண்மை. ஆனாற் பழகாதவர் கையில் அது பல்லைச் சூடாக்கி நீலநிறமாக்கும். அவ்விடத்தில் உருக்கின் உரம் கெடும். இரண்டொரு வாள் வைத்திருக்கும் கமக்காரருக்கு அரமே ஏற்றது.

மரத்தை வெட்டுமுன் சட்டத்தையும் நினைவிற் கொள்க. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது. சொந்தத் தோட்டத்து மரமாயினும் முதலிற் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்க.

அரங்களை ஒன்றோடொன்று உரசுமாறு ஒரே பெட்டியிற் போட்டு வைத்தல் தவறு. கண்டியின் ஈரக்காற்றில் அவை எளிதில் துருப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியிற் சுற்றியோ தனித்தனி மூங்கிற் குழாயில் இட்டோ அடுப்பங்கரைக்கு அண்மையிலுள்ள உலர்ந்த இடத்தில் வைக்கலாம். அரத்துக்கு எண்ணெய் பூசவேண்டா. எண்ணெய் பட்டால் இரும்புத்தூள் வரிகளில் ஒட்டிக்கொள்ளும். தீட்டுமுன் சுண்ணக்கட்டியால் ஒருமுறை தடவினால் தூள் எளிதில் உதிரும்.