கரியில் ஓடிய பஸ்

கேள்வி: ஒரு காலத்தில் நம் பக்கம் அடுப்புக்கரியில் பஸ் ஓடியது என்கிறார் என் தாத்தா. கதை விடுகிறாரா?
– வாசகி, மேலூர்

பதில்: கதையில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. மதுரையில் மோட்டார் தொழிலை வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் அப்போது கொண்டுவந்ததுதான், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்'. ஐரோப்பாவிலும் அன்று லட்சக்கணக்கான வண்டிகள் இந்த முறையில்தான் ஓடின.

வண்டியோடு ஓர் இரும்பு உருளையைப் பொருத்துவார்கள். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, விசிறியைக் கையால் சுற்றிக் கனலவிட வேண்டும். காற்றை அளவாக விட்டால் கரி முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதைத் தூசி போக வடிகட்டி, குளிரவைத்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலின் வேலையை அது பார்க்கும்.

பாதி வேலையைத்தான்! இழுவை குறைவு, மேடு வந்தால் வண்டி முக்கும். கிளம்பவும் நேரமாகும். வாயு கசிந்தால் விஷம். அதனால்தான் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கரி உருளை காணாமல் போனது.

மேட்டில் இறங்கித் தள்ளிய அனுபவம் உண்டா என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்!