பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்க எங்கே விளம்பரம் போடலாம்?

ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 2016-இல் இந்தியாவுக்கு வந்தது. ஐந்து லிட்டர் வி8 என்ஜின், ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அப்படி ஒரு காரை வைத்திருப்பவர் இப்போது அதை விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போர்ஷே பாக்ஸ்டர், ஆடி டி.டி., பி.எம்.டபிள்யூ இசட்4 வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஓ.எல்.எக்ஸில் படத்தைப் போட்டால் அன்றைக்கே போன் வந்து குவியும். பெரும்பாலான அழைப்புகள் "கடைசி ரேட் என்ன சார்?" என்பதோடு முடிந்துபோகும். பணமும் ஆசையும் சேர்ந்து இந்தக் காரை உண்மையிலேயே வாங்கக்கூடியவர்கள் தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேர் எங்கே தேடுகிறார்களோ அங்கே உங்கள் கார் இருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு இங்கே உதவாது.

முதலில் ஆர்.சி.யைக் கையில் எடுங்கள்

விளம்பரம் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை ஆர்.சி. புத்தகமே சொல்லிவிடும். வண்டி தமிழ்நாட்டுப் பதிவு, வாங்குபவரும் தமிழ்நாட்டுக்காரர் என்றால் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினால் போதும். வாங்குபவர் வெளிமாநிலம் என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி. வாங்க வேண்டும், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அந்த மாநிலத்து வரியையும் அவர் கட்ட வேண்டும். இந்தச் செலவையெல்லாம் அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஆகவே வரி கட்டி முடித்த தமிழ்நாட்டுப் பதிவு மஸ்டாங்குக்கு இங்கேயே தனி மதிப்பு உண்டு. முதல் சுற்று விளம்பரத்தைத் தமிழ்நாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பதிவு என்றால் நிலைமை தலைகீழ். சென்னையில் பார்க்க வருபவர் வரி வித்தியாசத்தை மனதில் கழித்துவிட்டுத்தான் விலை பேசுவார். அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுச்சேரி ஆட்களையும் முதல் நாளிலிருந்தே தேட வேண்டும்.

இன்னொன்று: கடனை அடைத்துவிட்டு, ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷனை நீக்க மறந்தவர்கள் நிறையப் பேர். வண்டி எண் தெரிந்தால் அரசின் பரிவாகன் தளத்தில் அதை யாரும் பார்த்துவிடலாம். வங்கியிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அதை முடித்த பிறகு விளம்பரத்துக்கு வாருங்கள்.

வாங்கப்போகிறவர் யார்?

ஒருவர் வி8 சத்தத்துக்காக வருவார். கம்பெனி ஃபிட்டிங்கில் என்ன இருந்தது, எந்த எண்ணெய் ஊற்றினீர்கள், கிளட்ச் எப்படி இருக்கிறது என்று துருவிக் கேட்பார். இன்னொருவர் வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வாங்குவார். அவருக்கு நிறம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்ற மூன்றும் போதும். இவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கார் தேடுவதில்லை.

உங்கள் கார் எந்த மாற்றமும் செய்யாத ஸ்டாக் காராக இருந்தால் இருவரில் யாரும் வாங்கலாம். எக்ஸாஸ்ட் மாற்றி, இ.சி.யு. ரீமேப் செய்திருந்தால் முதல் வகை ஆளிடம் மட்டும்தான் பேச முடியும். அவரிடமும் கவனம் தேவை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பழைய ஒரிஜினல் பாகங்கள் இருந்தால் மறுபடி மாட்டிவிடுங்கள். விலை கூடும், வாங்குபவருக்கும் தலைவலி இல்லை. என் அனுபவத்தில் ஸ்டாக் காருக்குத்தான் வாங்குபவர் சீக்கிரம் வருகிறார்.

வாங்குபவராக மாறித் தேடிப் பாருங்கள்

விளம்பரம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு தளத்திலும் உங்கள் மாடலின் பெயரைத் தட்டித் தேடுங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே பாதி முடிவு கைக்கு வந்துவிடும். அங்கே மஸ்டாங் ஒன்றாவது இருக்கிறதா? அதன் படங்கள் ஓனர் எடுத்தவையா, டீலர் எடுத்தவையா? அந்த விளம்பரம் எத்தனை நாளாகக் கிடக்கிறது? ஒரு தளத்தில் ஸ்விஃப்ட்டும் கிரெட்டாவும் மட்டுமே நிரம்பியிருந்தால் மஸ்டாங் தேடுபவர் அங்கே எட்டிப் பார்க்க மாட்டார். எல்லாமே டீலர் விளம்பரமாக இருந்தால் உங்களைத் தேடி வரும் போனும் பெரும்பாலும் டீலருடையதாகத்தான் இருக்கும். எத்தனை படம் போடலாம், எவ்வளவு எழுதலாம் என்பதையும் பாருங்கள். நான்கு படமும் இரண்டு வரியும் ஸ்போர்ட்ஸ் காருக்குக் காணாது.

இடங்களைப் பற்றி

கார் பைத்தியங்கள் கூடும் இடத்தில்தான் நான் தொடங்கச் சொல்வேன். டீம்-பி.எச்.பி.யின் விற்பனைப் பகுதி, அந்தந்த பிராண்டின் ஓனர்கள் வாட்ஸ்அப் குழு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் போய்வருபவர்களின் வட்டாரம். இங்கே பார்ப்பவர்கள் குறைவு, ஆனால் கேள்வி கேட்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். சர்வீஸ் பில்லைக் கோப்பாக வைத்திருந்தால் அதற்கு மதிப்புத் தருபவர்களும் இவர்கள்தான். குறையைச் சொன்னால் ஓடிப்போக மாட்டார்கள். மறைத்தால் குழு முழுக்கத் தெரிந்துவிடும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் சர்வீஸ் பார்க்கிறார்கள் என்ற பதிலை நீங்களே விளம்பரத்தில் எழுதிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு நகரவில்லை என்றால் கார்வாலே, ஓ.எல்.எக்ஸ் போன்ற பொதுத் தளங்களுக்குப் போங்கள். ஓ.எல்.எக்ஸ் இந்தியாவின் கார் வியாபாரத்தை 2023-இல் கார்டிரேட் டெக் வாங்கியது. கார்வாலேயும் அதே நிறுவனத்துடையதுதான். பொதுத் தளத்தில் விலையைப் பளிச்சென்று எழுதுங்கள், எந்த மாநிலப் பதிவு என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். வீண் போன் கணிசமாகக் குறையும். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வேடிக்கை பார்ப்பவர்களால் நிரம்பியது. உள்ளூரில் தகவல் பரவுவதற்கு மட்டும் அது போதும்.

கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் அதிக எண்ணிக்கையில் கைமாறும் கார்களை வைத்துக் கட்டப்பட்டவை. அபூர்வமான காருக்கு அவர்கள் விலை சொன்னாலும் நிறையத் தள்ளித்தான் சொல்வார்கள். அந்த விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே யாரிடமும் இறங்கக் கூடாது என்ற கோடு கிடைத்துவிடும்.

குருகிராமின் பிக் பாய் டாய்ஸ் போலப் பழைய சொகுசுக் கார்களை மட்டுமே விற்கும் டீலர்கள் உண்டு, சென்னையிலும் கோவையிலும் அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. நேரமில்லாதவருக்கு அங்கே பார்க் அண்ட் செல் நல்ல வழி. வண்டி அவர்கள் ஷோரூமில் நிற்கும், விற்றதும் கமிஷன் போகப் பணம் வரும். ஆனால் வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்ச விலை, கமிஷன், எத்தனை நாள், டெஸ்ட் டிரைவில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து, ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் தெரிவிக்கும் முறை வந்துவிட்டது. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் மழுப்பும் கடை வேண்டாம்.

எந்த இடத்தில் போட்டாலும் விலை ஒன்றாக இருக்கட்டும். ஒரு தளத்தில் 42, இன்னொன்றில் 39 என்று போட்டால் வருபவர் 39-இலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்.

விளம்பரத்தில் என்ன இருக்க வேண்டும்

நான்கு பக்கமும், உள்ளேயும், அடிப்பாகமும் படம் எடுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படமெடுங்கள்: 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம் தயாரானது. குறைவாக ஓடும் காரில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். விஷயம் தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

பணம் கைமாறும்போது

பார்க்காமலே டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறேன், கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று சொல்பவர் மோசடிக்காரர். ராணுவத்தில் இருக்கிறேன் என்று சொன்னாலும் அப்படித்தான். பணம் பெற யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். முழுத்தொகையும் வங்கி வழியே உங்கள் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

விற்றுவிட்டோம் என்று விளம்பரத்தை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டாம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்ற தகவலை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருக்கும் ஓனரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு சக்தியுள்ள கார் முன்பின் தெரியாத ஒருவர் கையில் உங்கள் பெயரோடு ஓடக் கூடாது. பரிவாகன் தளத்தில் பெயர் மாறியதைப் பார்த்த பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கும் காரின் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதிக்கு 50 சதவீதம் வரை அது தள்ளுபடி தரும்.