புகாரே வராத பதிவேடு

அடி அண்ணாமலை

அன்புள்ள தங்கைக்கு,

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலைக்குச் சேரப்போகிறாய். வயதுச் சான்று, ஓவர்டைம் கணக்கு, தீயணைப்புக் கருவி, குறைதீர் பதிவேடு என எல்லாவற்றுக்கும் ஆடிட் கோப்பில் கட்டம் இருக்கும். நிரப்பக் கற்றுக்கொள், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதே. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலத் தரச் சான்றிதழை வாங்கியிருந்தது. எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்பது தினமும் உள்ளே தைப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா என்று பார்ப்பதே உன் முதல் வேலை.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆடை ஏற்றுமதி செய்யும் ஈஸ்ட்மேன், அதனிடம் வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனங்களோடு திண்டுக்கல் ஒப்பந்தத்தை எட்டியது. கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதே ஆண்டில் இணைந்தன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை வந்தது. ஆலை மீறினால் பையரும் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றானது. முதல் ஆண்டில் 185 புகார்கள் எழுந்து, ஏறக்குறைய எல்லாமே தீர்ந்தன. பதிவேட்டில் பூஜ்யம் எழுதிவைத்திருக்கும் ஆலையைவிட இந்த 185 எனக்கு நம்பிக்கை தருகிறது.

செலவு கூடினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. விலையைக் குறைத்து, டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றி, ஷிப்மெண்ட் தேதியை மட்டும் மாற்றாத பையரும் ஓவர்டைமுக்குப் பொறுப்பாளி. அதையும் அறிக்கையில் எழுது. 2023இல் அமலான ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் அந்தப் பொறுப்பைப் பையர் மீதும் வைக்கிறது. ஆனால் அயல்நாட்டுச் சட்டத்தையே முழுதாக நம்பியிருக்க முடியாது: ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த இதேபோன்ற சட்டத்தின் அமலை 2025இல் தள்ளிவைத்துவிட்டது. நம் ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டுப் பொறுப்பான வணிக நடத்தை வழிகாட்டுதல்களோ விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருக்கின்றன. இதுபற்றிச் செபி கேட்கும் கட்டாய அறிக்கை, பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகளோடு நின்றுவிடுகிறது. ஜாப் ஒர்க் யூனிட்டுகளை அது எட்டுவதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் திணிப்பு என்பவருக்கு நம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டு. 10 பேர் வேலை செய்யும் இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் பற்றி விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தக் குழுவின் வெளி உறுப்பினர் யார், அவருடைய எண் லைனில் தைக்கும் பெண்களிடம் இருக்கிறதா என்று விசாரி. சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது விசாரி.

அன்புடன்,
அக்கா