“நான் சிரிக்கலடா, அதுவா வருது”

போன வருஷம் கிள்ளானில் எங்கள் சின்னப் பாட்டியின் கருமாதி. தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது தாத்தா திடீரென்று சத்தமாகச் சிரித்தார். ஒரு நிமிஷத்தில் அது அழுகையாக மாறியது. அவருக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. “சாவு வீட்டுல சிரிக்கிறாரே!” என்றார் ஒரு மாமா. மந்திரிக்கணும் என்றார் அத்தை. நானும் வெட்கப்பட்டுத்தான் தாத்தாவை வெளியே கூட்டிப்போனேன். காடியில் உட்கார்ந்ததும் குழறியபடி சொன்னார்: “நான் சிரிக்கலடா. அதுவா வருது.”

நோயின் விளக்கமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. மருத்துவத்தில் இதற்குச் சூடோபல்பர் அஃபெக்ட் என்று பெயர். பக்கவாதம், தலைக்காயம், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். போன்றவற்றுக்குப் பிறகு வரலாம். மூளை நோயாளிகள் காரணமின்றி அழுவதை டார்வின் 1872-லேயே எழுதியிருக்கிறார். 2019-இல் வந்த ‘ஜோக்கர்’ படத்தில் அடக்க முடியாத சிரிப்பைப் பார்த்திருப்பீர்கள். (கொலையெல்லாம் சினிமாவுக்காக!)

எலெக்ட்ரிக்கல் படிப்பவன் பாணியில் சொல்கிறேன். சிரிப்பையும் அழுகையையும் இயக்குவது மூளைத்தண்டு. எங்கே, எவ்வளவு என்று கட்டுப்படுத்துவது மேல்மூளையும் சிறுமூளையும். நடுவிலுள்ள நரம்புப் பாதை பழுதானால், சின்னத் தூண்டுதலுக்கே மோட்டார் முழு வேகத்தில் ஓடும்.

இதை மனச்சோர்வு என்று நினைத்துவிடுவார்கள். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும், தூக்கமும் பசியும் கெடும். இது சில வினாடி, சில நிமிஷம்தான். உள்ளே சோகமே இல்லாமல் கண்ணீர் கொட்டும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். அதனால் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். தாத்தாவின் சம்மதத்தோடு போனில் எடுத்த வீடியோ எங்கள் டாக்டருக்கு ரொம்ப உதவியது.

மருந்து இருக்கிறது. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளே குறைந்த அளவில், பலருக்குச் சில நாளிலேயே பலன் தரும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் குயினிடினும் சேர்ந்த மாத்திரையை அமெரிக்கா 2010-இல் இதற்கென அங்கீகரித்தது. முதலாவது இருமல் மருந்தில் இருப்பதுதான். அதற்காக ஃபார்மசியில் வாங்கிக் கொடுத்துவிடாதீங்க! குயினிடின் இதயத் துடிப்பைக் கெடுக்கலாம்; இருமல் மருந்து மற்ற மாத்திரையோடு சேர்ந்தாலும் ஆபத்து.

சிரிப்பு வரும்போது உட்காரும் நிலையை மாற்றச் சொல்லுங்கள்; தோளைத் தளர்த்தி மெதுவாக மூச்சு விடட்டும். திட்ட வேண்டாம், கூடச் சிரிக்கவும் வேண்டாம்.

கருமாதிக்குப் பிறகு தாத்தா கோயிலுக்கே வர மாட்டேன் என்றிருந்தார். மாத்திரை தொடங்கிய பிறகு, போன வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு வந்தார். தீபாராதனையில் ஒருமுறை சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். “ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இப்படி வரும், அங்கிள்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தாத்தாவுக்குச் சாமி தெரியட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றார்.