பினாங்கில் ஒரு வாரம்: அலைச்சலற்ற பயணமும் ஹலால் உணவும்

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு வாரம் தங்குவோர், 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனின் பழைய நகரப்பகுதியில் முதல் சில நாள்களைக் கழித்து, பின்னர் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்கு இடம் மாறுவது அலைச்சலைக் குறைக்கும்.

உணவகத்தில் ஜாக்கிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறையின் ஹலால் சான்றிதழ் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற அறிவிப்பு மட்டும் போதாது, ஏனெனில் கோழியும் ஆடும் முறைப்படி அறுக்கப்பட்டவை என்பதற்கோ சமையலில் மது சேரவில்லை என்பதற்கோ அது உறுதியாகாது. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார், அதாவது சோற்றின்மேல் பலவகைக் குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் உணவு, ஜார்ஜ் டவுனிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் சுற்றுப்புறத்தில் கட்டாயம் சுவைக்கத்தக்கது. பெரிய இறால், கணவாய் ஆகியவற்றின் விலையைத் தட்டில் வைக்குமுன் கேட்டறிவது நலம்.