இத்தாலியில் ரயில் தேனிலவு: மூன்று ஊர், ஒரே திசை

இத்தாலிக்குத் தேனிலவு போகும் தம்பதிக்கு ரயிலைவிட நல்ல துணை இல்லை. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். ஃபுளோரன்ஸிலிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மணிக்கு 300 கி.மீ. வரை வேகமெடுக்கும் ரயில்கள் ஊரின் நடுவில் ஏற்றி ஊரின் நடுவில் இறக்கிவிடுகின்றன. கார் எடுத்தால் பழைய நகரங்களின் தடை செய்யப்பட்ட தெருக்களில் தெரியாமல் நுழைந்து, அபராதச் சீட்டு வீடு தேடி வரும் அபாயம் உண்டு. ரயிலில் அந்தக் கவலை இல்லை.

ஆனால், எல்லாமே பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவதால் பத்து நாளில் எட்டு ஊர் என்று திட்டம் வீங்கிவிடுகிறது. ரயிலில் உட்காரும் நேரம் ஒன்றரை மணிதான். பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, அடுத்த ஊரில் பிற்பகல் அறை தயாராகும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். அதனால் கீழே உள்ள குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தங்கும் ஊர்கள் மூன்றைத் தாண்ட வேண்டாம், போகும் திசை ஒன்றாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. இருவரும் உட்கார்ந்து திட்டமிடுங்கள்.
பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணமென்றால், நீங்கள் இருவர் மட்டும் சேர்ந்து எடுக்கும் முதல் பெரிய முடிவு இந்தப் பயணமாகத்தான் இருக்கும். அதை டிராவல் ஏஜென்ட்டிடமோ அண்ணனிடமோ மொத்தமாக ஒப்படைத்துவிடாதீர்கள். ஆளுக்கு இரண்டு ஆசைகளை எழுதுங்கள். ஒருவர் ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்பார். மற்றவர் கடலோரத்தில் சும்மா உட்கார வேண்டும் என்பார். நான்கு ஆசைகளுக்கும் இடம் கொடுத்துவிட்டு, மீதி நேரத்துக்கு மட்டும் வேறு இடங்களைத் தேடுங்கள்.

2. முகூர்த்த மாதத்தோடு பருவத்தையும் பாருங்கள்.
வைகாசியில் கல்யாணமென்றால் ஜூன் மாதம்: நீண்ட பகல், நல்ல வெயில், கூட்டமும் அதிகம். ஆவணியில் முடிந்தால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை மிக இதமான காலம். தை மாதத்துத் தம்பதிக்கு பிப்ரவரி குளிராக இருக்கும். கடலோர ஊர்களில் பல விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும். ஆனால் வெனிஸில் முகமூடித் திருவிழாவான கார்னிவல் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வருகிறது. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை நாள். அதையொட்டி நகரங்களில் குடும்பக் கடைகள் பல மூடிவிடும். கடற்கரைகள் நிரம்பி வழியும்.
எந்த மாதமானாலும் மறுவீடும் விருந்தும் முடிந்து சில நாள் தூங்கி எழுந்த பிறகு விமானம் ஏறுங்கள்.

3. விசாவை முதலில் முடியுங்கள்.
இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். கோடைக்கால நெரிசலில் அந்த 15 நாளை நம்பி இருக்கக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்ற நினைத்தால், திரும்பி வந்த பின் மாற்றுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் ஒரே பெயர் இருப்பதுதான் முக்கியம்.

4. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் விமானம் ஏறுங்கள்.
சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகப் போகும்போது, போக வெனிஸ், திரும்ப ரோம் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். பெரும்பாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வந்த வழியே திரும்பும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சம்.

5. டிக்கெட்டின் இரண்டு வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்.
அதிவேக ரயில்களை இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. அரசுத் தரப்பில் ட்ரெனிதாலியா. அதன் வேக ரயிலுக்கு ஃப்ரெச்சாரோஸ்ஸா என்று பெயர். தனியார் தரப்பில் 2012இல் வந்த இதாலோ. ஒரே தடத்தில் இரண்டும் போட்டி போடுவதால், முன்பே எடுத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். நாள் நெருங்க நெருங்க ஏறும். மிக மலிவான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. எனவே விசா கையில் வந்த பிறகு அதை வாங்குங்கள். ரெஜொனாலே எனப்படும் உள்ளூர் ரயில்களுக்குக் கட்டணம் எப்போதும் ஒன்றுதான். அவற்றை அன்றன்றைக்கு வாங்கினால் போதும்.

6. நிலையத்தின் முழுப் பெயரைப் பாருங்கள்.
ஃபுளோரன்ஸ் பலகையில் ஃபிரென்ஸே என்றும், வெனிஸ் வெனேட்சியா என்றும், நேப்பிள்ஸ் நாப்போலி என்றும் இருக்கும். வெனிஸுக்கு இரண்டு நிலையங்கள்: மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது; சாந்தா லூச்சியாதான் கால்வாய் நகரத்துக்குள் இருக்கிறது. ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லாவும், ரோமில் தெர்மினியும் உங்களுக்கான நிலையங்கள். அறிவிப்புப் பலகையில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் பெரிதாக இருக்கும். ஃபுளோரன்ஸில் இறங்க வேண்டியவர்கள் ஏறும் ரயில் மிலானோவுக்கோ தோரினோவுக்கோ போவதாக எழுதியிருக்கலாம். ஊர்ப் பெயரைத் தேடாமல் ரயில் எண்ணைத் தேடுங்கள்.

7. உள்ளூர் ரயிலில் டிக்கெட்டைப் பதிவு செய்துவிட்டு ஏறுங்கள்.
காகித டிக்கெட் என்றால் நடைமேடையருகே இருக்கும் சிறிய இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை வாங்க வேண்டும். செயலியில் வாங்கினால், ரயில் கிளம்புவதற்கு முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். செய்யாமல் உட்கார்ந்தால், டிக்கெட் இருந்தும் அபராதம் உண்டு. இருக்கை எண்ணோடு வரும் வேக ரயில் டிக்கெட்டுக்கு இது தேவையில்லை.

8. மூடும் நாட்களை வைத்து ஊர்களின் வரிசையை அமையுங்கள்.
ஃபுளோரன்ஸின் உஃபீட்ஸி ஓவியக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ரோமின் போர்கேஸே கூடத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் அனுமதி. இந்த நாட்களைக் குறித்துக்கொண்டு அதன் பிறகு ரயில் எடுங்கள். ஃபுளோரன்ஸில் திங்கட்கிழமை வந்தால் அன்று லூக்கா ஊருக்கு உள்ளூர் ரயிலில் போய், சுமார் 4 கி.மீ. சுற்றளவுள்ள கோட்டை மதில்மேல் இருவரும் சைக்கிள் ஓட்டிவிட்டு வரலாம்.

9. சைவமென்றால் கேட்டுச் சாப்பிடுங்கள்.
பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். மிலான் பாணி ரிஸோத்தோவில் இறைச்சி வேகவைத்த சாறு சேரும். தக்காளி, பூண்டு, ஓரெகானோ மட்டும் போட்ட மரினாரா பீட்ஸாவில் சீஸே கிடையாது. தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா எங்கும் கிடைக்கும். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

செய்யக்கூடாதவை

1. தினம் ஓர் ஊரில் அறை எடுக்காதீர்கள்.
மூன்று ஊர்களில் தங்கி, பக்கத்து ஊர்களுக்குக் கைப்பையோடு போய்த் திரும்புங்கள். வெனிஸிலிருந்து பாதுவாவுக்கு அரை மணி நேரம். ஜொத்தோவின் சுவரோவியங்கள் நிறைந்த ஸ்க்ரோவென்யி சிற்றாலயம் அங்கே இருக்கிறது, முன்பதிவு அவசியம். ரோமிலிருந்து ஓர்வியேத்தோவுக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம். நிலையத்துக்கு எதிரிலேயே மலையூருக்கு ஏற்றிச்செல்லும் கம்பிவட ரயில் நிற்கும்.

2. வெனிஸைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.
பகலில் வந்து போகும் கூட்டம் மாலையில் வடிந்த பிறகுதான் சந்துகளில் இருவர் சேர்ந்து நடக்க இடம் கிடைக்கும். மலிவென்று மெஸ்த்ரேயில் தங்கினால் அந்த நேரத்தில்தான் நீங்கள் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். பட்ஜெட்டில் வேறு எங்காவது குறைத்து, இரண்டு இரவாவது தீவிலேயே தங்குங்கள். 2024 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

3. பெரிய பெட்டி எடுக்காதீர்கள்.
ரயில் படிகளில் தூக்கி ஏற்றுவதும், வெனிஸின் படிக்கட்டுப் பாலங்களில் இறக்குவதும் நீங்கள்தான். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும். வெனிஸில் விடுதி எடுக்கும்போது, படகு நிறுத்தத்திலிருந்து எத்தனை பாலம் கடக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

4. கல்யாண நகைகளோடு போகாதீர்கள்.
பெரிய நிலையங்களிலும் நெரிசலான உள்ளூர் ரயில்களிலும் பிக்பாக்கெட் அதிகம். தாலிக்கொடி கனமென்றால் மெல்லிய சங்கிலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு இன்னும் நடக்கவில்லையென்றால் மஞ்சள் கயிறோடே போகலாம். எதுவானாலும் அம்மாவிடமும் மாமியாரிடமும் முன்பே பேசிவிடுங்கள். டிக்கெட் இயந்திரத்தருகே தானாக உதவ வருபவரிடம், வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

5. வேலைநிறுத்த அறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள்.
அங்கே ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும்; ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அறிவிப்பில் 'ஷோப்பெரோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் சேவைக்கு உத்தரவாதம் உண்டு. நெடுந்தூரத்தில் கட்டாயம் ஓடும் ரயில்களின் பட்டியலையும் வெளியிடுவார்கள்.

6. அமால்ஃபிக்கு ரயில் போகும் என்று எண்ணாதீர்கள்.
அமால்ஃபிக்கும் பொசித்தானோவுக்கும் ரயில் பாதையே இல்லை. சலெர்னோ அல்லது சொரெந்தோ வரை ரயிலில் போய், பிறகு பேருந்தோ படகோ பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் படகுகள் பெரும்பாலும் நின்றுவிடும். ரயிலிலேயே கடலோரத்தை அனுபவிக்க வேண்டுமென்றால் சிங்க்வே தெர்ரேதான் சரி. லா ஸ்பெத்சியாவுக்கும் லெவாந்தோவுக்கும் நடுவே உள்ள அதன் ஐந்து கிராமங்களிலும் ரயில் நிற்கும். அவற்றில் கொர்னீல்யா மட்டும் குன்றின்மேல் இருக்கிறது. நிலையத்திலிருந்து 380க்கும் மேற்பட்ட படிகள். பெட்டியோடு தங்க அந்த ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

7. சிசிலியையும் இதே பயணத்தில் நுழைக்காதீர்கள்.
இரவு ரயிலை அப்படியே கப்பலில் ஏற்றி மெஸ்ஸீனா நீரிணையைக் கடக்கும் பயணம் அருமையானது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். முதலாம் ஆண்டு திருமண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. கணக்குப் போடாமல் ரயில் பாஸ் வாங்காதீர்கள்.
பாஸ் இருந்தாலும் வேக ரயில்களில் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. மூன்று ஊர் திட்டத்துக்கு, முன்பே எடுக்கும் தனி டிக்கெட்டுகளே பெரும்பாலும் மலிவு.

9. தோளும் முழங்காலும் தெரியும் உடையில் தேவாலயத்துக்குப் போகாதீர்கள்.
புனித பீட்டர் பேராலய வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பையில் எப்போதும் ஒரு துப்பட்டா இருக்கட்டும்.

பத்து இரவுக்கு ஒரு மாதிரித் திட்டம்

வெனிஸில் மூன்று இரவு: முதல் நாள் ஓய்வு மட்டும்; ஒரு நாள் தீவுகளுக்குப் படகு; ஒரு நாள் பாதுவா, அல்லது சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் வெரோனா. அடுத்து முற்பகல் ரயிலில் ஃபுளோரன்ஸ், நான்கு இரவு: இரண்டு நாள் ஓவியம், ஒரு நாள் லூக்கா, ஒரு நாள் எந்தத் திட்டமும் இல்லாமல். பிறகு ரோமில் மூன்று இரவு: வத்திக்கானுக்கு ஒரு நாள், கொலோசியத்துக்கு ஒரு நாள். பொம்பேய் பார்க்க ஆசையிருந்தால், ஃபுளோரன்ஸின் அந்த வெற்று நாளைக் குறைத்து ரோமுக்கு ஓர் இரவு கூட்டுங்கள். நேப்பிள்ஸ் வரை வேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில் என்று ஒரே நாளில் போய் வரலாம்.

கடைசி இரவு கட்டாயம் விமானம் ஏறும் ஊரிலேயே இருக்கட்டும். தெர்மினியிலிருந்து ஃபியூமிச்சீனோ விமான நிலையத்துக்கு லெயோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் கொண்டுபோய்விடும். புறப்படும் நாளில் வேறு எந்த ரயிலையும் நம்பியிருக்காதீர்கள்.