காத்தை இறக்கினால் மணலில் ஓடும்!

காவிரி மணலில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு டயர் புதைவது தெரியும். அப்படியென்றால் 196 கிலோ பைக் எப்படிப் போகும்?

சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 (2023இல் வந்தது) கரடுமுரடான பாதைக்கென்றே செய்த வண்டி. பள்ளத்தில் மாட்டாமல் ஏற முன் சக்கரம் 21 அங்குலம். ஆனாலும் மணலில் இறங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் காசே வேண்டாம். டயரில் காத்தை இறக்கணும்!

அழுத்தம் = விசை ÷ பரப்பு. பாடத்தில் படித்ததுதான். ஆளோடு 260 கிலோ, பாதி பின் டயரில் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். காத்து 32 பவுண்டு இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 58 சதுர செ.மீ. 20க்கு இறக்கினால் 92! ஒட்டகப் பாதம் மாதிரி டயர் அகலமாகிறது. (ஓட்டத்தான் 18 வயசு ஆகணும், கணக்குப் போட வேண்டாம்!)

ரொம்ப இறக்கினால் கல்லில் இடித்து ரிம் நெளியும், டியூப் கிழியும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்கணும், அதனால் பம்ப் கையோடு இருக்கணும்.

செயினையும் பார்க்கணும். பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். முன்பே இறுக்கமாக இருந்தால் அறுந்துபோகலாம். கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் மாட்டுவார்கள்.